ஆச்சியின் கிணற்றுப் பங்கு

1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பருத்தித்துறைத் தொகுதி ஒரு கம்யூனிஸ்ட்டைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் பொன். கந்தையா, எங்கள் கரவெட்டிக்காரர். வடமாகாணத்திலிருந்து அந்தக் கட்சியின் பெயரில் வென்று பாராளுமன்றம் போனவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெற்றிச் செய்தி வந்த அன்று வெடி கொளுத்திக்கொண்டு நெல்லியடிப் பக்கமாகப் போன ஊர்வலத்தைப் படலையைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். எனக்கு ஏழு வயது. முன்வரிசையில் வேட்டியும் சால்வையுமாக வாத்திமாரும் உத்தியோகத்தரும் போனார்கள். பின்வரிசையில் எங்கள் தோட்டத்தில் துலா மிதிக்க வருகிறவரும் அவருடைய மகனும் போனார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் ஒரே திசையில் நடந்து போனதை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

நான் எந்தப் பக்கம், என் அரசியல் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தமிழருக்குச் சமஷ்டி வேண்டும் என்பேன். சாதி ஒழிய வேண்டும் என்பேன். காணியும் தண்ணீரும் கடனும் ஒரு சிலர் கையில் முடங்கக்கூடாது என்பேன். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்கள் மற்ற இரண்டும் பிறகு பார்க்கலாம் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயது போய்விட்டது. பிறகு என்று ஒன்று வரவேயில்லை. மூன்றையும் ஒன்றாகவே பிடித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குக் கரவெட்டியில் நான் வளர்ந்த வீட்டில் வந்தது. புத்தகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அது ஆச்சிக்குச் சீதனமாக வந்து, பிறகு அம்மாவுக்குச் சீதனமான வீடு. முன்பக்கம் தலைவாசல். மாலையில் அங்கே மூன்று கட்சிகள் கூடும். ஆச்சியின் புருஷன் அப்பு, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் காலத்து ஆள். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது போய்ப் பார்த்தவர். ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் சொல்லி 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலை வடக்கு பகிஷ்கரித்தபோது, அதற்காக ஊர் ஊராகச் சைக்கிளில் போனவர். கதர் உடுத்துவதைக் கடைசிவரை விடவில்லை. பெரியமாமா வாத்தியார், கம்யூனிஸ்ட். கந்தையாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். சின்னமாமா தமிழரசுக் கட்சி. கட்சித் தலைவர் செல்வநாயகத்தைப் பெயர் சொல்லமாட்டார், ‘தந்தை’ என்பார். பெரியமாமாவுக்குத் ‘தேசாபிமானி’ வரும், சின்னமாமாவுக்குச் ‘சுதந்திரன்’ வரும். இரண்டையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. ஆச்சி அடுக்களை வாசலில் இருந்து கீரை ஆய்ந்தபடி கேட்பார். தலைவாசலில் ஆண்கள் கதைப்பதும் அங்கே கேட்கும். ஆச்சியை ஒருவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஆனாலும் நான் வாசித்து முடித்ததும் அவர் ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பேப்பரில் பதில் இருக்காது.

ஐயா கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அந்தக் காலத்தில் எங்கள் ஊரை நடத்தியது மணியோடர். மாதம் பிறந்து முதற் கிழமைக்குள் தபாற்காரர் எந்தெந்தப் படலையில் மணி அடிக்கிறார் என்பதை வைத்து, எந்த வீட்டில் கூரை மேய்வார்கள், எந்த வீட்டுப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுவார்கள் என்று ஆச்சி கணக்குச் சொல்லிவிடுவார். எங்கள் மண் சுண்ணாம்புக்கல் மண். ஆறில்லை, குளமும் போதாது. இறைக்கிற தண்ணீரும் படிக்கிற பிள்ளையும்தான் முதலீடு. ஆகவே 1956 ஜூனில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் நிறைவேறியபோது, அது எங்களுக்கு முதலில் மணியோடரின் கதையாகத்தான் வந்தது.

அந்தச் சட்டமூலத்தை எதிர்த்துக் கந்தையா பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையைப் பெரியமாமா தலைவாசலில் நின்றபடி வாசித்தார். சின்னமாமா எழுந்து போகாமல் இருந்து கேட்டார். கட்சி வேறு என்றாலும் அன்று இருவரும் ஒரே பக்கம். இடதுசாரிகள் அப்போது இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்ற கொள்கையில் நின்றார்கள். அதே ஜூன் மாதம் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சிக்காரர்களை அடித்து விரட்டிய செய்தியும் வந்திருந்தது. அடுத்த வருடம் ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்தபோது சின்னமாமா ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். பிரதேச சபைகள் வரும், எங்கள் காணியையும் பள்ளிக்கூடத்தையும் பயிரையும் நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார். 1958 ஏப்ரலில் பிரதமர் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார, ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான கலவரம்.

ஐயா அந்தக் கலவரத்தில் அகதியாகிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். படலையைத் திறந்து வந்தவரை எனக்கு ஐயா என்று மட்டுக்கட்ட முடியவில்லை. ஆருடையதோ ஒரு சாரம், மேலே பொத்தான் இல்லாத சேர்ட். பெட்டி இல்லை, குடை இல்லை, கண்ணாடி இல்லை. ஆச்சி கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழந்தைக்கு வார்ப்பதைப்போலத் தலையில் தண்ணீர் வார்த்தார். இரவு சாப்பிட்டபிறகுதான் ஐயா கதைத்தார். அவரை முதல் இரண்டு இரவும் தங்கள் வீட்டுப் பின்னறையில் பூட்டி வைத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். “சட்டம் போட்டவன் வேறை, சோறு தந்தவன் வேறை. ரெண்டையும் குழப்பாதேங்கோ” என்று தலைவாசலில் இருந்தவர்களுக்குச் சொன்னார். எந்தச் சிங்களவரையும் வெறுக்காமல் சிங்கள மேலாதிக்கத்தை எதிர்க்க முடியும் என்பதை அதன்பிறகு எனக்கு ஒருவரும் வாதாடி நிறுவத் தேவை இருக்கவில்லை.

மூன்று மாதத்தில் அதே கந்தோருக்கு ஐயா திரும்பிப் போனார். போகாமல் எப்படி? 1961 ஜனவரியிலிருந்து நிர்வாகம் முழுக்கச் சிங்களத்தில் என்று வந்தது. அதற்கு முந்திய லீவில் வந்தபோது ஐயா ஒரு சிங்கள அரிவரிப் புத்தகம் கொண்டுவந்தார். நான் ஒரு பக்கம், தம்பி தன் தமிழ் அரிவரியோடு மறுபக்கம், நடுவில் அரிக்கன் லாம்பு, எதிரே நாற்பது வயது தாண்டிய ஐயா. ஒவ்வோர் எழுத்தையும் வட்டம் வட்டமாகக் கொப்பியில் எழுதுவார். பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். தம்பி எட்டிப் பார்த்து, “ஐயா, நீங்களும் அரிவரியோ?” என்று கேட்டான். “ஓமப்பன். இதைப் படிச்சால்தான் சம்பளம் ஏறும்” என்றார். மொழி படிப்பதில் ஐயாவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பாளியும் சமஸ்கிருதமும் தெரிந்தவர்களை மதித்த மனிதர். இருபது வருடம் உழைத்த மனிதனைப் பார்த்து, இனி உன்னுடைய மொழியில் ஒரு கடிதம் எழுத உனக்கு உரிமை இல்லை என்று சொல்வதற்கு ஆருக்கு அதிகாரம் இருந்தது? இன்றைக்கும் சமஷ்டி என்று நான் சொல்லும்போது என் மனதில் இருப்பது கொடியும் எல்லையும் அல்ல, அந்த லாம்பு வெளிச்சத்தில் ஐயாவின் கொப்பி.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன்.

விடியப்புறம் நான்கு மணிக்கே துலா கரகரக்கும். ஆடுகாலில் பொருத்திய நீண்ட துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். அவர் முன்னே போகப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே வர நிரம்பி ஏறும். கீழே ஒருவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையைக் கவிழ்ப்பார். இன்னொருவர் வெங்காயப் பாத்திகளுக்கு வாய்க்கால் மாற்றிவிடுவார். எங்கள் துலாவில் நடந்தவர் அப்புவின் வயதுக்காரர். பத்து முழம் உயரத்தில் பிடிமானத்துக்கு ஒரு கயிறுதான். மழைக்காலம் முடிந்து புகையிலையும் வெங்காயமும் நடுகிற நாளிலிருந்து சித்திரை வெயில் வரை அவருடைய கால்தான் எங்கள் தோட்டத்தைப் பச்சையாக வைத்திருந்தது. இறைப்பு முடிய ஆச்சி பழஞ்சோறு கரைத்துக் கஞ்சி கொண்டுபோவார். வேலிக் கதியாலுக்கும் கிடுகுக்கும் இடையில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். அது அவருடைய சிரட்டை. அவரே எடுத்து ஏந்துவார், ஆச்சி கை உயர்த்தி ஊற்றுவார். குடித்ததும் அவரே கழுவிச் செருகிவிடுவார். எங்கள் வீட்டு மூக்குப்பேணி பளபளவென்று புளி போட்டு மினுக்கியபடி அடுக்களையில் இருந்தது. பிச்சை கேட்டு வந்த அசலூர்ச் சாமியாருக்குக்கூட அதில் மோர் கொடுத்திருக்கிறோம்.

தண்ணீர் விஷயம் அதிலும் கொடுமை. பயிருக்குப் பாயும் தண்ணீரை நாள் முழுக்க அவர் இறைக்கலாம். ஆனால் அவருடைய வீட்டுப் பெண்கள் குடத்தோடு வந்தால் கிணற்றுக்கு எட்ட நிற்க வேண்டும். எங்களில் ஆராவது இறைத்து வார்க்கும்வரை நிற்க வேண்டும். அவர்கள் இருந்த பக்கத்துக் கிணறு உவர். பருப்பு வேகாது. எங்கள் தோட்டக் கிணறு நன்னீர்க் கிணறு. வெயிலுக்குள் நின்று காத்திருக்கிறவர்களில் துலா மிதிக்கிறவரின் பேத்தியும் நிற்பாள். என் வயது. கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். நின்ற நிலையில் வாசிப்பாள்.

அவள் படித்தது தேவரையாளியில். கா. சூரன் 1914இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. சாதியின் பேரால் ஏனைய வாசல்கள் அடைத்திருந்த காலத்தில், அடைக்கப்பட்டவர்களே தங்களுக்கெனக் கட்டி எழுப்பிய பள்ளிக்கூடம் தேவரையாளி. வடமராட்சியின் அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் மேடைகளை மட்டும் எழுதுகிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதில் முதல் அத்தியாயம் கொடுக்க வேண்டும் என்பது என் துணிபு. பெரியமாமா ஒருமுறை அங்கே நாடகம் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது அப்புவிடம், “ஐயா, காந்தியைப் பாத்தனியள். கதரும் உடுக்கிறியள். எங்கடை வேலியிலை அந்தச் சிரட்டை ஏன் இருக்குது?” என்று கேட்டார். அப்பு பதில் சொல்லவில்லை. வாலிபர் காங்கிரஸ்காரர்கள் 1920களிலேயே பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் பேசியவர்கள். பேசிய ஆட்களின் வீட்டு வேலியைத் தாண்டி அது உள்ளே வர நாற்பது வருடம் எடுத்தது.

நெல்லியடிச் சந்தைக்குச் சின்னமாமாவின் சைக்கிள் பாரில் இருந்து போவேன். ஒரு தேத்தண்ணிக் கடை வாசலுக்கு வெளியே, மரப்பலகையில் வரிசையாகப் போத்தில்கள் கவிழ்த்து வைத்திருக்கும். உள்ளே வாங்கு, மேசை, கண்ணாடிக் கிளாஸ். வெளியே நிலத்தில் குந்தி இருந்து போத்திலில் குடிப்பவர்கள் தாங்களே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். காசு இரு பகுதியாருக்கும் ஒன்றுதான். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து இதையெல்லாம் குற்றம் என்று சொல்லியும் போத்தில்கள் அசையவில்லை. அசைத்தவர்கள் போராடியவர்கள். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்த பிறகுதான் அந்த அலை கிளம்பியது. எங்கள் பக்கத்தில் கன்பொல்லை. அந்த ஊர் இளைஞர்கள் அடி வாங்கிக்கொண்டிருக்கச் சம்மதிக்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்குள் போய் வாங்கில் இருந்தார்கள். எதிர்த்து வந்தவர்களை எதிர்கொண்டார்கள். எங்கள் சொந்தக்காரர் பலர் அந்த நாட்களில் கன்பொல்லை என்றாலே முகம் சுளித்தார்கள். எனக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. பகிரங்கமாக அவர்கள் பக்கம் பேசியதற்காக எங்கள் வீட்டுக்கு ஒரு கலியாண அழைப்பு வராமலே போனது.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்ததை ஊரே பேசியது. கோவிலுக்குள் போக வந்தவர்களை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர், முன்னாள் அமைச்சர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர்களுக்கு முந்தியே கேட்டவர். அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே அவர்மேல் வழக்கு வந்தது. லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. வாசலில் மறித்த செய்தியை நான் ஆச்சிக்கு வாசித்தேன். ஆச்சி ஆய்ந்த கீரையைச் சுளகில் வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இவர் கேக்கிற நாட்டிலை வாசலிலை ஆர் நிப்பினம்?”

சின்னமாமா அன்று சாப்பிடாமல் படுத்தார். அவர் அந்தப் பிரமுகரின் ஆள் இல்லை. தமிழரசுக் கட்சியில் சாதிக்கு எதிராக உண்மையாகவே உழைத்தவர்களை அவர் மதித்தார். என்றாலும் கட்சி இந்தக் கேள்வியில் வாக்குகளை எண்ணி எண்ணி நடந்துகொள்கிறது என்பது அவருக்குத் தெரியும். பெரியமாமா அன்று ஒரு வார்த்தைகூடக் குத்திச் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலை அவருக்கும் இருந்தது. 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ் மொழி விசேட விதிகளைப் பாராளுமன்றம் எடுத்துக்கொண்ட நாளில், அதை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனவர்களோடு சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் நின்றன. பத்து வருடத்துக்கு முன் சம அந்தஸ்துக்காகப் பேசிய கட்சிகள் அவை. பெரியமாமா 1963–64 பிளவில் சண்முகதாசனோடு பீக்கிங் பக்கம் போய்விட்டவர், ஆகவே அது எங்கள் கட்சி இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. “கந்தையா இருந்திருந்தால்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். கந்தையா 1960 மார்ச் தேர்தலில் தோற்று, அந்த வருடமே காலமாகியிருந்தார். அவரைப்போல இரண்டையும் ஒரே மூச்சில் பேசக்கூடிய ஒருவர் அதன்பிறகு எங்கள் பக்கத்திலிருந்து பாராளுமன்றம் போகவில்லை. 1972இல் குடியரசு யாப்பை வரைந்தவரும் அதே சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாதான். சிங்களமே அரசகரும மொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். இந்த நாட்டு இடதுசாரிகள் தமிழரை இழந்தது அந்த யாப்போடு அல்ல, அதற்கும் முந்தி, அந்த ஜனவரி ஊர்வலத்தில்.

பொருளாதாரம் நான் படித்தது அம்மாவின் சங்கிலியில். ஒவ்வொரு போகமும் வெங்காய விதைக்கும் உரத்துக்கும் அந்தச் சங்கிலி அடைவுக்குப் போகும், அறுவடை முடிய மீளும். சில வருடம் மீளாது. விலையைத் தீர்மானிப்பது கொழும்பு நாலாம் குறுக்குத்தெரு. இந்தியாவிலிருந்து ஒரு கப்பல் வெங்காயம் வந்து இறங்கினால் நெல்லியடியில் எங்கள் மூட்டைக்கு மரியாதை போய்விடும். தரகர் பிடியில் ஒரு வெங்காயத்தை எடுத்து நசித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், முந்தாநாள் சொன்ன விலையில் பாதியைச் சொல்லுவார். அம்மா ஒன்றும் பேசாமல் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருப்பார்.

அதனால் கூட்டுறவு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் உயிர் இருந்தது. திருவிதாங்கூருக்குப் போன புகையிலைக்கு யாழ்ப்பாணத்தவர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் வைத்திருந்தார்கள். மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு ஆஸ்பத்திரி கட்டினார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீ. வீரசிங்கம் அந்த இயக்கத்துக்கு வாழ்க்கையையே கொடுத்தவர். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரில் நிற்கிறது. 1957க்குப் பிறகு பிலிப் குணவர்தனா அமைச்சராக இருந்து பலநோக்குச் சங்கங்களை ஊரூராக விரித்தபோது, கூப்பன் அரிசி வாங்கச் சங்கக்கடைக்குப் போவோம். அங்கே வரிசை ஒன்றுதான். கூப்பன் புத்தகம் வைத்திருப்பவர் முன்னே வந்தால் முன்னே. துலா மிதிக்கிறவரின் பேத்தி எனக்கு முன்னே நிற்பாள், மனேஜர் அவளுக்கு நிறுத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கு. தேத்தண்ணிக் கடைக்கும் சங்கக்கடைக்கும் இடையில் நூறு யார் தூரம். அந்த நூறு யாரில் இரண்டு உலகம் இருந்தது.

ஆனால் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தியவர்கள் காணிக்காரர்கள். விளைபொருள் விற்பனையும் பயிர்க்கடனும் காணி உள்ளவனுக்கே. துலா மிதிக்கிறவருக்கு விற்க என்ன இருந்தது? 1960களில் இறைப்பு மிசின் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் முழுத்தோட்டமும் நனையும். அப்பு சங்கக் கடனில் ஒன்று வாங்கினார். துலாவைக் கழற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் போட்டார்கள். முப்பது வருடம் அதன்மேல் நடந்தவர் அன்று வந்து பார்த்துவிட்டுப் போனார். கடனும் மிசினும் லாபமும் காணிக்காரனுக்கு, வேலையிழப்பு மட்டும் அவருக்கு. பிறகு 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைச் சிறிமாவோ அரசு தடுத்தபோது எங்கள் பக்கத்துக் கமக்காரர் தலை நிமிர்ந்தார்கள், கல்வீடு கட்டினார்கள். 1977இல் கதவு திறக்க அதே கமக்காரர் கடனில் விழுந்தார்கள். கமக்காரனுக்கு அரசு காவல் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதைக் கண்டுதான். அந்தக் காவலில் கூலிக்காரனுக்கும் பங்கு எழுதப்பட வேண்டும் என்று அதே மூச்சில் சொல்வதும் துலாவைக் கழற்றியதைக் கண்டுதான்.

அந்தப் பங்கு எப்படி எழுதப்படலாம் என்பதை எனக்குக் காட்டியவர் ஆச்சி. மாவிட்டபுரத்துக்கு அடுத்த வருடம் நடந்தது இது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். இன்ன பரப்புக் காணியும், கிணற்றில் இன்ன பங்கும், துலா நாட்டும் உரிமையும், வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். எங்கள் தோட்டக் கிணறு நான்கு பங்குக்காரருடையது. அதில் ஒரு பங்கு ஆச்சியின் சீதனம். பங்குக்கு ஏற்ப இறைப்பு முறை, முறைக்கு உரியவரின் நாளில் மற்றவர் கை வைப்பதில்லை. தேசவழமைப்படி மணமான பெண் தன் சீதனக் காணியைப் புருஷனின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அது அநியாயமான சட்டம் என்பது என் கருத்து. இன்றுவரை அது திருந்தவில்லை என்பது எங்கள் அரசியல்வாதிகள் எல்லாருக்கும் வெட்கம். ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று ஆச்சிக்குத் தெரிந்திருந்தது.

துலா மிதித்தவர் படுக்கையில் விழுந்திருந்தார். ஊமல் கரிபோல மெலிந்துபோனார் என்று கேள்விப்பட்டு ஆச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு அப்புவிடம், “நாளைக்கு என்ரை முறை. அந்தப் பிள்ளை வந்து தானே அள்ளட்டும்” என்றார். அப்பு பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்றார். கூட்டம் போட்டுக் கதைப்போம் என்றார். ஆச்சி, “முப்பது வரியமா அந்தக் கிணத்தை இறைச்ச மனிசன். உறுதியிலை அவற்றை பேர் இல்லை, அவ்வளவுதான்” என்றார்.

விடிய அவள் குடத்தோடு வந்தாள். அப்போது அவள் ஆசிரிய கலாசாலைக்குப் போகக் காத்திருந்தாள். எட்ட நின்றவளை ஆச்சி கிணற்றுக்கட்டுக்குக் கூப்பிட்டு, வாளியைக் கையில் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாளியை இறக்கினாள். கயிறு கையில் வழுக்காமல் பிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து தண்ணீருக்குக் காத்து நின்ற பெண்ணுக்கு எங்கள் கிணற்றில் அள்ளத் தெரியாமல் இருந்தது. நான் பக்கத்தில் நின்று முடிச்சைக் காட்டிக்கொடுத்தேன். வேலியில் இருந்த சிரட்டையை அன்று மத்தியானம் ஆச்சி அடுப்பில் வைத்தார்.

மற்றப் பங்காளிகள் மூவரும் மாலையே தலைவாசலுக்கு வந்தார்கள். சத்தம் தெருவரை கேட்டது. கிணறு தீட்டுப்பட்டுவிட்டது என்றார்கள். இதுநாள்வரை துலா மிதித்தவரின் தகப்பனும் அவரும் இறைத்த தண்ணீரைத்தானே குடித்தீர்கள் என்று பெரியமாமா கேட்டார். சின்னமாமா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். பங்காளிகள் பருத்தித்துறைக்குப் போய்ப் பிறக்கிராசியாரைக் கண்டார்கள். அவர் உறுதியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இதில் பங்கும் முறையும் இருக்கிறது, ஆர் கை வாளியைப் பிடிக்க வேண்டும் என்று இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு ஆச்சியின் பங்கைத் தாங்களே வாங்குவதாக அப்புவுக்குத் தூது விட்டார்கள். நல்ல விலை. அப்பு ஆச்சியின் முகத்தைப் பார்த்தார்.

“விக்கிறதெண்டால் உங்கடை கையெழுத்து வேணும். அதுக்கு முதல் என்ரை கையெழுத்து வேணும்” என்றார் ஆச்சி. “தண்ணி குடுக்கிறதுக்கு ரெண்டும் வேண்டாம்.”

ஆச்சியின் முறைநாட்களில் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் குடத்தோடு வரத் தொடங்கின. இரண்டாம் வருடம் இன்னொரு பங்காளியின் மனைவியும் தன் முறையில் தடுப்பதை விட்டார், அதுவும் அவருடைய சீதனப் பங்கு. மூன்றாவது பங்காளி கடைசிவரை விடவில்லை. 1970 தேர்தலில் உடுப்பிட்டித் தொகுதியில் எங்கள் ஊரவரான மு. சிவசிதம்பரம் தமிழரசுக் கட்சியிடம் தோற்றார். வாக்கு எண்ணிய மறுநாள் ஆச்சியின் முறை. பெரியமாமாவும் சின்னமாமாவும் மிசினைப் பூட்டிவிட்டுக் கிணற்றடியில் நின்று அந்த முடிவைப் பற்றிப் பலத்த சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். குடங்களோடு நின்ற பெண்களும் இரு பக்கமும் பிரிந்து அபிப்பிராயம் சொன்னார்கள். தண்ணீர் மேற்குப் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடுவதைக் கண்ட ஆச்சி, மண்வெட்டியைத் தூக்கிச் சின்னமாமாவின் கையில் கொடுத்து, வாய்க்காலை மறித்துக்கட்டிவிட்டு வந்து மிச்சத்தைக் கதைக்கச் சொன்னார்.